கிராமத்துக்கு வந்த கட்டடக் கலைஞர்

கட்டடத்துக்குத் திட்டம் வகுப்பது ஆடவர் தொழில் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அக்கருத்தைப் பாகிஸ்தானில் முதன்முதலாக மாற்றிய யாஸ்மின் லாரி அம்மையாரின் பணியை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் பயின்ற அவர், 1960-களில் கராச்சியில் தொழில் தொடங்கினார். அந்நாட்டின் முதல் பெண் கட்டடக் கலைஞர் அவரே. பெரிய அலுவலக மாளிகைகளை எழுப்பிப் புகழ் பெற்று, 2000-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

2005-ல் வட பாகிஸ்தானைப் பூகம்பம் தாக்கியது. 2010-ல் சிந்து மாகாணத்தை வெள்ளம் சூழ்ந்தது. வீடிழந்தோருக்கு உதவ அம்மையார் கிராமங்களுக்குச் சென்றார். அங்கு அவர் கையாண்டவை மண்ணும் மூங்கிலும் சுண்ணாம்புமே. வெறும் மண்சுவர் நீரில் கரையும். சுண்ணாம்பு சேர்ந்தால் இறுகி நிற்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்த மூங்கில் நில அதிர்ச்சியில் வளைந்து கொடுக்கும்.

வெள்ளம் எட்டாதபடி மேடைமீது அமைத்த புகையில்லா மண் அடுப்பையும் அவர் வகுத்தார். கிராமப் பெண்களே அதைக் கட்டக் கற்று, பிற ஊராருக்கும் கற்பித்து வருவாய் ஈட்டினர். இவ்வடுப்புத் திட்டம் 2018-ல் உலக வாழிடப் பரிசு பெற்றது. 2023-ல் அம்மையாருக்கு பிரிட்டனின் ராயல் தங்கப் பதக்கம் வழங்கப்பெற்றது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. வீட்டில் பெரும்பொழுதைக் கழிப்போர் பெண்கள். ஊராட்சியில் வீட்டுத் திட்டம் ஆராயப்படும்போது, அடுப்பு எங்கே, சாளரம் எங்கே என்பதை முதலில் அவர்களிடம் கேட்போமாக.