நாமினி வேறு, வாரிசு வேறு: மவ்த்துக்குப் பின் பணம் பெறும் வழிகள்



ஒரு வீட்டில் மவ்த் நிகழ்ந்தால் கஃபன், ஜனாஸா, அடக்கம் வரை ஜமாஅத் முழுவதும் உடன் நிற்கிறது. அதன் பிறகு வரும் வேலைகளில் அந்தக் குடும்பம் பெரும்பாலும் தனியாகவே அலைகிறது. வங்கியில் ஒரு காகிதம் கேட்கிறார்கள், பி.எஃப். அலுவலகத்தில் வேறொன்று கேட்கிறார்கள், "கோர்ட்டுக்குப் போங்கள்" என்கிறார்கள். நமது அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வரும் விதவைச் சகோதரிகளில் சிலருக்குக் கணவர் விட்டுச் சென்ற பணமே போதுமானதாக இருக்கிறது. அதை எப்படிப் பெறுவது என்று தெரியாததுதான் சிக்கல். ஆகவே இந்த இதழில் அதை விளக்குகிறோம்.

முதலில் இறப்புச் சான்றிதழ்

இறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ அங்குதான் பதிவாகும். ஓசூரில் குடியிருப்பவர் பெங்களூரு மருத்துவமனையில் இறந்தால் சான்றிதழை கர்நாடகத்தில்தான் வாங்க வேண்டும். 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் தாமதத்துக்கான அலைச்சல் இல்லை.

நம் பகுதியில் பெயர் எழுதுவதில்தான் அதிகம் சிக்கல் வருகிறது. ஆதாரில் இனிஷியலுடன் ஒரு பெயர், அத்திப்பள்ளி கம்பெனி அடையாள அட்டையில் தகப்பனார் பெயரோடு சேர்ந்து ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் "ஷேக்" ஒரு விதமாக, பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாக என்று இருக்கும். மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போதே ஆதாரைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பிறகு திருத்துவது பெரிய வேலை.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ்

இறந்தவர் குடியிருந்த தாலுகாவின் தாசில்தார் இதை வழங்குகிறார். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி என எந்த தாலுகாவாக இருந்தாலும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறந்தவருக்கு யார் யார் வாரிசுகள் என்பதை மட்டுமே இது சொல்லும். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லாது. பட்டா மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம், பி.எஃப்., சிறு வங்கித் தொகை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இது போதும். தாயார் உயிருடன் இருந்தால் அவர் பெயரும், மணமாகிப் போன பெண் மக்களின் பெயரும் விடுபடக் கூடாது. விடுபட்டால் அது அநீதி, பின்னால் வழக்கும் ஆகும்.

நாமினி என்பவர் யார்?

வங்கிக் கணக்கில் நாமினியாக எழுதப்பட்டவரிடம் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். அதனால் அந்தப் பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது. வாரிசுகள் சார்பில் பெற்றுக்கொள்பவர் மட்டுமே அவர். உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. கம்பெனிப் பங்குகளின் நாமினிக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நாமினியாக எழுதப்பட்ட தம்பியோ அண்ணனோ பணத்தை வாங்கித் தம்மிடமே வைத்துக்கொள்வது சட்டப்படியும் சரியல்ல, ஷரீஅத்படியும் சரியல்ல.

பி.எஃப். விஷயத்தில் ஒரு தனி விதி உண்டு. மணமாகாத காலத்தில் தகப்பனார் பெயரையோ சகோதரர் பெயரையோ எழுதியிருந்தால், நிக்காஹுக்குப் பின் அந்த நியமனம் செல்லாது. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நிக்காஹ் முடிந்தவுடன் பி.எஃப். நாமினியைப் புதிதாகப் பதிய வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பம் மூன்று படிவங்களைக் கவனிக்க வேண்டும். பி.எஃப். தொகைக்கு படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10-டி, இ.டி.எல்.ஐ. காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப். இந்தக் காப்பீட்டில் உச்சமாக 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பலர் முதல் படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

நீதிமன்றம் எப்போது தேவை?

வங்கியில் நாமினி இல்லாமல் தொகை பெரிதாக இருந்தாலும், வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலும் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ், அதாவது சக்சஷன் சர்டிபிகேட் கேட்பார்கள். இது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி வழங்கப்படுவது. வங்கி இருப்பு, பங்குகள், வர வேண்டிய கடன்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். வீடு, நிலத்துக்கு இது தேவையில்லை. அதுபோலவே, முஸ்லிம்களின் வசிய்யத்தை நிறைவேற்ற ப்ரொபேட் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நாமினி இல்லாத கணக்காக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. வணிக வங்கிகளில் 15 லட்சம், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை எளிய முறையில் தீர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் விதி வெளியிட்டுள்ளது. காகிதங்கள் முழுமையாகச் சேர்ந்த 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வங்கியில் "கோர்ட் ஆர்டர் வேண்டும்" என்று சொன்னால், தொகை எவ்வளவு, எந்த விதியின்படி கேட்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மனு போடும் முறை

இறந்தவர் கடைசியாக எங்கு நிரந்தரமாகக் குடியிருந்தாரோ அந்த மாவட்டத்து நீதிமன்றத்தில் மனு தர வேண்டும். ஓசூரில் குடியிருந்து பெங்களூருவில் வங்கிக் கணக்கு வைத்திருந்தாலும் இங்கேயே மனு போடலாம். இங்கு வாங்கும் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். குடும்பத்தோடு ஆனேக்கல் பக்கம் குடிபெயர்ந்து அங்கேயே இறந்திருந்தால் கர்நாடக நீதிமன்றம்தான்.

மனுவில் இறந்த தேதி, முகவரி, எல்லா வாரிசுகளின் பெயரும் முகவரியும், எந்தெந்தக் கணக்கில் எவ்வளவு என்ற விவரம் இருக்க வேண்டும். யாரையும் மறைக்கக் கூடாது. பொய் விவரம் தந்து வாங்கிய சான்றிதழை நீதிமன்றம் ரத்து செய்யும். மனு ஏற்கப்பட்டதும் மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். பொதுவாகச் செய்தித்தாளிலும் அறிவிப்பு வெளியாகும். எதிர்ப்பு இல்லாவிட்டால் சாட்சியம், ஆவணங்களைப் பார்த்து உத்தரவு இடுவார்கள். தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் உண்டு. ஜாமீன் பத்திரமும் கேட்கலாம். மற்ற வாரிசுகள் ஒப்புதல் தந்து கையெழுத்திட்டால் வேலை விரைவாக முடியும்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சி இருந்துவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். உதவி எண் 15100.

இத்தாவில் இருக்கும் சகோதரிகள் நான்கு மாதம் பத்து நாள் முடியட்டும் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. பெரும்பாலான விண்ணப்பங்களை வீட்டார் மூலம் தரலாம். அவசியத் தேவைக்குப் பகலில் சென்று வரவும் மார்க்கத்தில் இடமுண்டு. விளக்கம் வேண்டுவோர் இமாமிடம் கேட்டுக்கொள்ளவும்.

பணம் கைக்கு வந்த பிறகு

சான்றிதழ் யார் பெயரில் இருந்தாலும், அவர் அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளியே. முதலில் அடக்கச் செலவு, அடுத்து கடன். கொடுக்காத மஹரும் கடன்தான். அடுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வசிய்யத். மீதிதான் மீராஸ். சூரா அந்நிஸாவின் 11, 12-ஆம் வசனங்களில் பங்குகள் தெளிவாக உள்ளன.

ஓர் உதாரணம். கடனெல்லாம் போக 9,60,000 ரூபாய் இருக்கிறது. மனைவி, தாயார், ஒரு மகன், இரண்டு மகள்கள் உள்ளனர். தகப்பனார் முன்பே இறந்துவிட்டார். மனைவிக்கு எட்டில் ஒன்று: 1,20,000. தாயாருக்கு ஆறில் ஒன்று: 1,60,000. மீதி 6,80,000-இல் மகனுக்கு 3,40,000, மகள்களுக்குத் தலா 1,70,000.

பிள்ளைகள் 18 வயதுக்கு உட்பட்டவர்களாக இருந்தால் அவர்கள் பங்கைத் தனியாக வங்கியில் போட்டு வைக்க வேண்டும். அவர்களுடைய வீடு, நிலத்தைத் தாயோ சித்தப்பாவோ தாமாக விற்க முடியாது. நீதிமன்றம் அவரைக் காப்பாளராக நியமித்து அனுமதியும் தர வேண்டும். எத்தீம்களின் சொத்தை அநியாயமாக உண்பது எவ்வளவு பெரிய பாவம் என்பது நாம் அறிந்ததே.

"தங்கச்சிக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. கல்யாணச் செலவு மீராஸ் ஆகாது. தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு.

இன்றே செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் உள்ள வங்கிக் கணக்கு, பி.எஃப்., காப்பீடு, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மனைவியிடம் சொல்லி வையுங்கள். நாமினி யார் என்று பாருங்கள். காகிதங்களில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவி தேவைப்படுவோர் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம்.

ஒவ்வொரு ஹக்குதாருக்கும் அவரவர் ஹக்கைச் சேர்த்துவிட அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.