பேரிடருக்கு முன்பே எழுத வேண்டிய பட்டியல்

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் உயிர்களைப் பறித்தது. வெளிநாட்டு நிவாரணப் பொருள்கள் காத்மாண்டு விமான நிலையத்தில் வந்து குவிந்தன. ஆனால், இடிந்த வீட்டின் முன் நின்ற மலைக் கிராமத்துக் குடும்பத்துக்குக் கைச்செலவுக்குப் பணமும் தேவைப்பட்டது. அதை யாரிடம், எவ்வழியில் கொண்டுசேர்ப்பது?

யுனிசெஃப் அமைப்பு புதிய கணக்கெடுப்பில் இறங்கவில்லை. நேபாள அரசு 1990-களின் நடுவிலேயே முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியிருந்தது. கணவரை இழந்த பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ஐந்து வயதுக்குட்பட்ட தலித் குழந்தைகள் ஆகியோரும் காலப்போக்கில் பயனாளிகளாயினர். அந்தப் பட்டியலையும், உதவித்தொகை வழங்கிவந்த அரசு அமைப்பையுமே யுனிசெஃப் பயன்படுத்திக்கொண்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட 19 மாவட்டங்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, வழக்கமான தொகையுடன் 3,000 நேபாள ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது.

வகுப்பில் நான் நிர்வாகச் செலவு பற்றிப் பேசத் தொடங்கினாலே மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். பேரிடர்க் காலத்தில் அந்தச் செலவின் பெரும்பகுதி பணமாக இருப்பதில்லை, காலதாமதமாக இருக்கிறது. ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் தனித்தனியே பெயர்களைத் திரட்டிச் சரிபார்ப்பதற்குள், அந்தக் குடும்பம் ஆட்டையோ உழவு மாட்டையோ அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கும். பிறகு வரும் நிவாரணத்தால் அந்த மாட்டை மீட்க இயலாது. இருக்கும் அமைப்பின் வழியே உதவுவதன் பொருளாதார நியாயம் இதுதான்.

இதில் ஒரு குறையும் உண்டு. நேபாளப் பட்டியல் வயது, சாதி, உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்துத் தயாரிக்கப்பட்டது. நிலநடுக்கம் அவற்றைப் பார்த்து வீடுகளை இடிக்கவில்லை. முதியவரோ, தலித் குழந்தையோ இல்லாத கூலித் தொழிலாளியின் வீடு தரைமட்டமானாலும் இந்த 3,000 ரூபாய் அவருக்கு இல்லை. இரண்டு முதியவர்கள் உள்ள வீட்டுக்கோ இருமடங்கு.

2023 டிசம்பரில் மிக்ஜம் புயலுக்குப் பின் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் தமிழக அரசு நியாயவிலைக் கடைகள் வழியே 6,000 ரூபாய் வழங்கியதை இதனுடன் ஒப்பிடலாம். அநேகமாக எல்லாக் குடும்பங்களையும் உள்ளடக்கிய பொது விநியோகத் திட்டம் நம்மிடம் முன்பே இருந்தது. அப்படியும், வாடகை அறையில் வாழும் வெளிமாநிலத் தொழிலாளியின் குடும்ப அட்டை பெரும்பாலும் அவரது சொந்த ஊரில்தான் இருக்கும்.

போர் நடக்கும் நாட்டில் சிக்கல் மேலும் கூடுகிறது. யேமனில் அரசின் சமூகநல நிதியம் 2015-இல் போரால் முடங்கியது. 2017 முதல் உலக வங்கியின் நிதியைக் கொண்டு, போருக்கு முந்தைய பயனாளிகள் பட்டியலின்படி சுமார் 15 லட்சம் குடும்பங்களுக்கு யுனிசெஃப் பணம் வழங்கியது. போருக்கு முன்பே எழுதப்பட்டது என்பதால், எதிரெதிர்த் தரப்புகள் இரண்டும் அந்தப் பட்டியலை ஏற்க முடிந்தது. அதே காரணத்தால் அதில் புதிய பெயர் எதையும் சேர்க்க இயலவில்லை. போரால் வறுமைக்குத் தள்ளப்பட்டவர்கள் வெளியே நின்றனர்.

இடிபாடுகளின் படங்களைக் கண்டதும் திறக்கும் நன்கொடை நாடுகளின் கருவூலம், அமைதிக் காலத்தில் பயனாளிகள் பட்டியலைப் புதுப்பிக்கப் பணம் கேட்டால் எளிதில் திறப்பதில்லை. நேபாள அரசு பின்னாளில் குழந்தைகள் உதவித்தொகையை, சாதி வரம்பின்றி, மேலும் பல மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தியது. அந்தப் பட்டியலில் இப்போது, 2015-இல் விடுபட்ட கூலித் தொழிலாளியைப் போன்றவர்களின் குழந்தைகளுக்கும் இடம் உண்டு.