கோடு தாண்டாத யுத்தம்

சர்வநாசம் நேரும் என்ற அச்சமே தேசங்களை யுத்தத்தினின்றும் தடுத்துவிடும் என்னும் சித்தாந்தத்துக்கு, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேருக்கு நேர் மோதாமலே காலம் கழித்ததைச் சாட்சியாகக் காட்டுவது வழக்கம். 1998 மே மாதத்தில் பொக்ரானில் இந்தியாவும் சாகாயில் பாகிஸ்தானும் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தபின், இவ்விரண்டுக்கும் இடையே இனி யுத்தமே அசாத்தியம் என்று நம்பியவர்கள் உண்டு; 1999 பிப்ரவரியில் இந்தியப் பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் சென்று சமாதானப் பிரகடனத்தில் கையெழுத்திட்டது அந்த நம்பிக்கைக்கு மேலும் வலுவூட்டியது.

ஆனால் அதே குளிர்காலத்தில், பனிக்கு அஞ்சி இந்தியத் துருப்புகள் காலிசெய்திருந்த கார்கில், திராஸ் சிகரங்களைப் பாகிஸ்தான் படையினர் ஏறிப் பிடித்து, ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையைத் தங்கள் பீரங்கிகளுக்கு இலக்காக்கிவிட்டார்கள். அணுகுண்டு இருக்கும்போது இந்தியா பெரும் போருக்குத் துணியாது என்ற கணக்கே அவர்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது என்பது என் அபிப்பிராயம். மேல்மட்டத்தில் ஸ்திரம் ஏற்பட ஏற்படக் கீழ்மட்டத்துச் சண்டைகளுக்கு இடம் பெருகும் என்பதை கிளென் ஸ்னைடர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1965-லேயே எடுத்துக்காட்டியிருந்தார்.

எனினும், அச்சம் அடியோடு பயனற்றுப் போயிற்று என்றும் சொல்வதற்கில்லை. காஷ்மீரில் இரு தரப்பையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டலாகாது என்று இந்திய அரசாங்கம் தன் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் கண்டிப்பான உத்தரவிட்டது. யுத்தம் பரவாமல் தடுத்த அந்த உத்தரவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கோட்டுக்கு அப்பால் சென்று, எதிரிக்கு உணவும் குண்டும் வரும் பாதையைப் பின்புறத்தில் அறுக்க வழியில்லாமற்போகவே, டோலோலிங்கிலும், 16,500 அடிக்கு மேல் நிற்கும் டைகர் ஹில்லிலும், மூச்சு முட்டும் உயரத்தில், மேலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருக்க, சிப்பாய்கள் இருட்டில் செங்குத்துப் பாறைகளில் கயிறு பிடித்து ஏற வேண்டியதாயிற்று. இந்தியத் தரப்பில் மட்டும் மாண்டவர் 500-க்கு மேல். டெல்லியில் காட்டிய நிதானத்தின் பாரம் முழுவதும் அந்தப் பாறைகளில்தான் இறங்கிற்று.

ஜூலை 4-ஆம் தேதி வாஷிங்டனில் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனைச் சந்தித்த பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப், படைகளைத் திரும்பப் பெற இசைந்தார்; அணுயுத்தம் மூண்டுவிடுமோ என்ற கவலையே கிளின்டனை அவ்வளவு கடுமையாக வற்புறுத்தச் செய்தது.

அன்று தாண்டாத கோட்டை 2019 பிப்ரவரியில் பாலாகோட் வரையிலும், 2025 மே மாதத்தில் பாகிஸ்தானின் பஞ்சாபுக்கு உள்ளேயும் இந்தியத் தாக்குதல்கள் தாண்டிச் சென்றன. பாகிஸ்தானும் இருமுறையும் பதிலுக்குத் தாக்கிற்று. சில நாட்களில் சண்டை ஓய்ந்தது மெய்தான். ஆயினும் எதிரி எவ்வளவு தூரம் பொறுப்பான் என்பதை இரு அரசுகளும் அடித்துப் பார்த்தே அளந்துகொள்கின்றன என்பது எனக்கு நிம்மதி தரவில்லை.