கடலடி அழுத்தமும் கட்டில் அழுத்தமும்

தூத்துக்குடிக் கடலில் பத்துப் பாகம் ஆழத்தில் மூழ்கும் ஒருவர் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறார் தெரியுமா? கணக்கு எளிதானதுதான். ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 1.8 மீட்டர். ஆகவே பத்துப் பாகம் 18 மீட்டர். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டால், அவர் உடல்மீது மொத்தம் 2.8 வளிமண்டல அழுத்தம் செயல்படுகிறது. பாதரச உயரத்தில் சொன்னால், இது சுமார் 2,100 மில்லிமீட்டர். அவர் சிப்பியோ சங்கோ எடுத்துக்கொண்டு மேலே வரும்போது, இந்த அழுத்தத்தால் அவர் தோலில் ஒரு தழும்புகூட இருக்காது.

இப்போது வேறொரு காட்சியை எண்ணிப் பாருங்கள். அதே மனிதர் கால்கள் செயலிழந்து, மருத்துவமனைக் கட்டிலில் அசையாமல் மல்லாந்து கிடக்கிறார். அவருடைய இடுப்பின் பின்புறம் மெத்தையில் அழுந்தும் இடத்தில், காற்றழுத்தத்துக்கு மேல் 70 மில்லிமீட்டர் அழுத்தம்தான் இருக்கிறது. ஆனால் சில மணி நேரத்திற்குள் அந்த இடத்துத் தசை சாகத் தொடங்கிவிடலாம். முதலில் தோல் சிவக்கும், பிறகு உரியும், கவனிக்காவிட்டால் எலும்பு தெரியும் அளவுக்குக் குழியாகும். இதுதான் படுக்கைப்புண்.

2,100 மில்லிமீட்டரைத் தாங்கிய உடம்பு 70 மில்லிமீட்டரைத் தாங்காதது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை கண்டால், செவிலியர் ஒருவர் நள்ளிரவிலும் எழுந்துவந்து நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதன் காரணமும் விளங்கிவிடும்.

சுற்றிலும் சமம், ஒரு பக்கம் மட்டும்

பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு திரவத்தில் செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுகிறது. நம் உடலின் திசுக்களில் பெரும்பகுதி நீரே. கடலுக்குள் இறங்கியவரின் தோல், தசை, இரத்தம் எல்லாவற்றிலும் அழுத்தம் ஒரே அளவு கூடுகிறது. இரத்தக் குழாயின் வெளியே எவ்வளவு கூடுகிறதோ, உள்ளேயும் அவ்வளவே கூடுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு தரையில் இருந்தது போலவே இருப்பதால், குழாய் நசுங்குவதில்லை. இரத்தம் வழக்கம் போல் ஓடுகிறது. (காதும் நுரையீரலும் காற்றறைகள். அவற்றின் கதை வேறு. அங்கே பாயில் விதி ஆட்சி செய்கிறது.)

கட்டிலில் நிலைமை அப்படியன்று. இடுப்பெலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை சிக்கிக்கொள்கிறது. அழுத்தம் அந்த ஓர் இடத்தில் மட்டும் விழுகிறது. பக்கத்துத் திசுவில் இல்லை. உள்ளே இருக்கும் இரத்தத்தின் அழுத்தம் இதற்கு ஈடாகக் கூடுவதுமில்லை. எனவே மிக நுண்ணிய இரத்தக் குழாய்களான தந்துகிகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. கேடு செய்வது அழுத்தத்தின் அளவு அன்று, அழுத்தத்தின் வேறுபாடு.

இதை இந்த நிமிடமே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் மற்றொரு விரலால் அழுத்துங்கள். நகத்தின் அடியிலுள்ள தசை வெளுக்கிறதல்லவா? விரலை எடுத்ததும் ஓரிரு நொடியில் மீண்டும் சிவக்கிறது. நீங்கள் தந்துகிகளை மூடித் திறந்தீர்கள். 1930-ஆம் ஆண்டில் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இதே நகக்கண்ணின் தந்துகிகளுக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி இரத்த அழுத்தத்தை அளந்தார். இரத்தம் நுழையும் முனையில் சராசரியாக 32 மில்லிமீட்டர். வெளியேறும் முனையில் 12 மில்லிமீட்டர். இந்த அளவு ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். ஆயினும் 70 மில்லிமீட்டர் என்பது எவ்வளவு பெரிய சுமை என்பதை இது காட்டுகிறது.

வலி என்னும் காவலாளி

அப்படியானால் தினமும் இரவு எட்டு மணி நேரம் படுத்துறங்கும் நமக்கெல்லாம் ஏன் புண் வருவதில்லை? இரத்தம் நின்ற இடம் வலிக்கிறது, மரத்துப்போகிறது. தூக்கத்திலேயே நாம் புரண்டுவிடுகிறோம். ஓர் இரவில் எத்தனை முறை புரண்டோம் என்பது காலையில் நமக்கே தெரியாது.

தண்டுவடம் பழுதானவருக்கு இந்தக் காவலாளி இல்லை. வலி மூளைக்கு எட்டுவதில்லை; எட்டினாலும் புரளக் கால்களுக்கு வலுவில்லை. தூத்துக்குடிக் கரையில் இத்தகைய நிலை வருவதற்குக் காரணங்கள் உண்டு. மரம் ஏறி விழுந்தவர், சாலை விபத்தில் அடிபட்டவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இங்கே கடலும் ஒரு காரணமாகிறது.

மன்னார் வளைகுடாவில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. பழைய முறையில் மூச்சை அடக்கி மூழ்குபவர் சிறிது நேரத்திலேயே மேலே வந்துவிடுவார். ஆனால் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்றைச் சுவாசிப்பவர் நெடுநேரம் கடலடியில் தங்க முடிகிறது. அழுத்தம் மிகுந்த காற்றிலுள்ள நைட்ரஜன், ஹென்றி விதிப்படி, அவர் இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. அவர் விரைவாக மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தது போல, கரைந்த வாயு குமிழ்களாகிறது. தண்டுவடத்தில் குமிழ்கள் தங்கினால் கால்கள் செயலிழக்கலாம். அவருக்கு உடனே தூய ஆக்சிஜனும், அழுத்த அறையில் வைத்துச் செய்யும் சிகிச்சையும் வேண்டும். அதன் பிறகும் கால்கள் திரும்பாதவர் பல வாரங்கள் கட்டிலில் கிடக்க நேரும். அப்போது வலி செய்த காவலை வேறொருவர் செய்தாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

படுத்திருப்பவரின் எடையில் 10 கிலோகிராம், இடுப்பின் பின்புறத்தில் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்குகிறது என்று கொள்வோம். விசை 98 நியூட்டன், பரப்பு 0.01 சதுர மீட்டர். அழுத்தம் 9,800 பாஸ்கல். பாதரச அளவில் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். அதே எடையை 400 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் அழுத்தம் கால் பங்காகி 18 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். காற்று மெத்தையும் பஞ்சு மெத்தையும் செய்யும் வேலை இதுவே: எடையைக் குறைப்பதில்லை, பரப்பைக் கூட்டுகின்றன.

இந்தக் கணக்கை முதலில் படுக்கையாக மாற்றியவர்களில் ஒருவர் நீல் ஆர்னாட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். இயற்பியல் நூலும் எழுதியவர். 1832-இல் அவர் நீர் நிரம்பிய தொட்டியின் மேல் ரப்பர் பூசிய துணியை விரித்து நோயாளியைக் கிடத்தினார். கடலில் மூழ்குபவரைக் காக்கும் அதே பாஸ்கல் விதியைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார் எனலாம்.

ஆனால் பரப்பு மட்டும் போதாது, நேரமும் இருக்கிறது. 1959-இல் மைக்கேல் கோசியாக் என்ற மருத்துவர் விலங்குகளில் செய்த ஆய்வு, மிகுந்த அழுத்தம் சிறிது நேரத்திலும், குறைந்த அழுத்தம் நெடுநேரத்திலும் ஒரே மாதிரிப் புண்ணை உண்டாக்கும் என்று காட்டியது. ஆகவே எவ்வளவு நல்ல மெத்தையானாலும் கடிகாரத்தைப் பார்த்தே ஆகவேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றுவது பல மருத்துவமனைகளில் உள்ள வழக்கம். இன்று மெத்தையின் தன்மையையும் தோலின் நிலையையும் பார்த்து இந்த நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள்.

சாய்தளப் பாடமும் இங்கே பயன்படுகிறது. தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தினால், மேலுடலின் எடை 30 கிலோகிராம் என்றால், சைன் 30 அரை என்பதால் 15 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை அவரைக் கீழ்நோக்கிச் சறுக்கப் பார்க்கிறது. தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு கீழே நகர்கிறது. நடுவிலுள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு முறுகுகின்றன. இது சறுக்குத் தகைவு. அதனால்தான் தேவையின்றித் தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்திவைப்பதில்லை. நோயாளியை இழுத்து நகர்த்தாமல், அடியிலுள்ள விரிப்போடு இருவராகத் தூக்கி நகர்த்துவதும் அதனால்தான்.

கையும் கண்ணும் சொல்லும்

பக்கம் மாற்றும் நேரம் தோலைப் பார்க்கும் நேரமுமாகும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பின் சிவக்கிறதா? இரத்தம் இன்னும் ஓடுகிறது. அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்தால் போதும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே கேடு தொடங்கிவிட்டது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் இந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே செவிலியர் கையால் அறிகிறார்: பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, வீங்கியிருக்கிறதா? கேடு பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்குவதால், தோலில் தெரியும் சிறு அடையாளத்தின் அடியில் பெரிய சேதம் இருக்கக்கூடும். அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிடுவது நல்லதென்று முன்பு எண்ணினார்கள். நலிந்த தசையை அது மேலும் கெடுக்கும் என்பதால் இப்போது செய்வதில்லை. வளையம் போன்ற தலையணையும் கூடாது. நடுவில் அழுத்தம் இல்லாவிட்டாலும், சுற்றிலும் நசுக்கி இரத்தம் வரும் வழியையே அது அடைத்துவிடும்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கேட்கலாம். அழுத்தமும் நேரமும்தான் காரணம் என்றால், கட்டிலைப் புரட்ட ஓர் எந்திரம் போதாதா? அன்பும் ஆறுதலும் இதில் எங்கே வருகின்றன?

ஒரு சிறிய காரணத்தைப் பாருங்கள். ஈரமான தோல் விரிப்போடு அதிகம் உராய்கிறது, ஊறி எளிதில் கிழிகிறது. தூத்துக்குடியின் புழுக்கத்தில் வியர்வை ஒருபுறம். தண்டுவடம் பழுதானவருக்குச் சிறுநீர் அடக்கும் ஆற்றலும் போய்விடுவதுண்டு. நேற்றுவரை கடலில் மூழ்கி உழைத்த மனிதர், படுக்கை நனைந்துவிட்டது என்று சொல்ல எவ்வளவு கூச்சப்படுவார்! முகம் சுளிப்பவரிடம் அவர் சொல்லமாட்டார். விடியும்வரை ஈரத்திலேயே கிடப்பார். சுளிக்காதவரிடம் சொல்லிவிடுவார். அந்த நாலைந்து மணி நேரமே புண் வருவதற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம்.

இன்னொன்று: அவரை மூட்டையைப் புரட்டுவது போலத் திடீரென்று புரட்டினால், பயத்தில் மேலுடலை விறைத்துக்கொள்வார், அதில் தோல் விரிப்பில் இழுபடும். “அண்ணாச்சி, இப்ப வலப்பக்கம் திருப்பப் போறோம். இந்தக் கையைக் கம்பியிலே பிடிச்சுக்கிடுங்க” என்று முன்கூட்டிச் சொன்னால், கையால் பிடித்துத் தாமே உதவுவார். திரையை இழுத்து மறைப்பது, தொடுமுன் சொல்வது, காலில் சுடுநீர் படுமுன் தம் கையில் சோதித்துப் பார்ப்பது — இவையெல்லாம் பரிவு, இவையெல்லாம் சிகிச்சையும்கூட.

மூன்று பேர் காட்டிய வழி

1859-இல் வெளியான தமது செவிலியர் பணி பற்றிய நூலில் ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல், படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் குற்றம் நோயினுடையது அன்று, பராமரிப்பினுடையது என்று எழுதினார். ஆயினும் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள், தண்டுவடம் பழுதானவர்கள் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறப்பது தவிர்க்க முடியாதது என்றே மருத்துவர்கள் நம்பினர்.

1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இதை ஏற்க மறுத்தார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றவேண்டும் என்று விதித்தார். சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் பிழைத்தார்கள். 1948-இல் அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அதுதான்.

நம் நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் பழுதாகி நடக்க முடியாதவரானார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் உருவான மறுவாழ்வு நிலையத்துக்கு வழிகாட்டியாக நின்றார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நோயாளியாகவும் மருத்துவராகவும் இரு பக்கமும் இருந்து பார்த்தவர் அவர்.

கயிற்றைப் பிடித்திருப்பவர்

இரண்டு மணிக்கு ஒரு முறை என்றால் ஒரு நாளைக்கு 12 முறை. ஒரு மாதத்துக்கு 360 முறை. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் என்றால், ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். ஒரு வார்டில் இப்படிப் பத்துப் பேர் இருந்தால் பத்து மணி நேரம், அதுவும் இருவர் சேர்ந்து. மருந்து, ஊசி, காயக்கட்டு, குறிப்பேடு எல்லாம் இதற்கு மேல். இதை ஒரு செவிலியர் தனியாகச் செய்துவிட முடியாது. எனவே நல்ல செவிலியர், நோயாளியின் மனைவிக்கோ தாய்க்கோ மகனுக்கோ பக்கம் மாற்றும் முறையைக் கற்றுக்கொடுக்கிறார். வீடு திரும்பிய பின் அந்தக் குடும்பமே அவருக்குக் காவல்.

முத்துக்குளித்த நாட்களில் மூழ்குபவரின் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து ஒருவர் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கள் வீட்டுப் பெண்ணின் வாழ்வு அதில் இருப்பதால் கண் அயரமாட்டார் என்பது காரணம். கடலடியில் இருப்பவர் பேச முடியாது. கயிற்றின் சிறு அசைவை வைத்தே மேலேயிருப்பவர் அறிய வேண்டும். பேசாத தோலின் சூட்டையும் கெட்டியையும் வைத்து அறியும் செவிலியரின் வேலையும் அத்தகையதே.

உங்கள் வீட்டில் நடமாட முடியாத தாத்தாவோ பாட்டியோ படுத்திருந்தால், இந்தக் கட்டுரையிலுள்ள இயற்பியலை இன்றே பயன்படுத்தலாம். குதிகால் மெத்தையைத் தொடாதபடி, கெண்டைக்காலின் அடியில் ஒரு தலையணையை வையுங்கள். விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இல்லாமல் பாருங்கள். இழுக்காமல், இருவராகத் தூக்கி நகர்த்துங்கள். இடுப்பு, குதிகால், முழங்கை ஆகிய இடங்களை நாள்தோறும் பார்த்துத் தொட்டு அறியுங்கள். நிறமோ சூடோ மாறியிருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு, “பாட்டி, திருப்பட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.