பிளென்ஹீம் விமானமும் அதன் புனருத்தாரணமும்

பழுதுற்ற பொருளைச் செப்பனிடுதலும் அழிந்த பொருளை மீண்டும் ஆக்குதலும் ஒன்றல்ல. முன்னதற்குக் கருவியும் கைத்திறனும் போதும். பின்னதற்கோ, அப்பொருள் எத்தகையதாய் இருந்தது என்னும் அறிவும், அதனை ஏன் ஆக்குகின்றோம் என்னும் தெளிவும் வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்த்துதற்கு, இரண்டாம் உலகப் போரிற் பறந்த பிறிஸ்டல் பிளென்ஹீம் என்னும் இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானத்தின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு.

1934-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பத்திரிகை அதிபரான றொதமியர் பிரபு, ஐரோப்பாவில் மிக விரைவான பிரயாண விமானம் ஒன்று தமக்கு வேண்டுமென விரும்பினார். பிறிஸ்டல் கம்பனியைச் சேர்ந்த பிராங்க் பாண்வெல் அதனை அமைத்தார். 1935 ஏப்பிரல் 12-ஆந் திகதி அது முதன்முறையாகப் பறந்தது. பின்னர் நிகழ்ந்த சோதனையில் மணிக்கு 307 மைல் வேகத்தை எட்டியது. அன்றைய அரச விமானப் படையின் சண்டை விமானங்களும் அதற்குப் பிற்பட்டே நின்றன. பிரபு அதனை நாட்டுக்கு நன்கொடையாக அளித்தார். அரசாங்கமும் அவ்வமைப்பைத் தழுவிய குண்டுவீச்சு விமானங்கள் 150 செய்யுமாறு அவ்வாண்டிலேயே பணித்தது.

ஆயின், பிரயாண விமானத்தைப் போர் விமானமாக்குதல் எளிதன்று. உடலின் அடிப்பாகத்திற் குண்டுகளுக்கு இடம் வேண்டியிருந்தமையால், இறக்கைகள் மேலே உயர்த்தி அமைக்கப்பட்டன. குண்டுகளும் துப்பாக்கிக் கூண்டும் பிற போர்க்கருவிகளும் சேரப் பாரம் ஏறிற்று, வேகம் குறைந்தது. 920 குதிரைவலுக் கொண்ட மேர்க்குரி இயந்திரங்கள் இரண்டு பொருத்தப்பெற்ற நான்காம் வகை விமானமும் மணிக்கு ஏறக்குறைய 265 மைலே செல்லவல்லதாயிற்று. எதிர்ப்பட்ட ஜேர்மன் சண்டை விமானமோ 350 மைலைத் தாண்டியது. விரைவையே கவசமாக எண்ணிச் செய்த விமானம், அக்கவசத்தை இழந்தே களம் புகுந்தது.

அதன் விளைவு கொடியது. 1940 மே 17-ஆந் திகதி, பெல்ஜியத்தில் ஜொம்புளு என்னும் ஊரருகே பகைப்படையைத் தாக்கச் சென்ற 82-ஆம் அணியின் 12 விமானங்களுள் ஒன்றே மீண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 13-ஆந் திகதி, டென்மார்க்கின் ஒல்போர்க் விமானத் தளத்தைத் தாக்கிய அதே அணியின் 11 விமானங்களுள் ஒன்றேனும் மீளவில்லை. எனினும் பிளென்ஹீம் பயனற்றதென்று கூறுதல் பொருந்தாது. விமானத்திற் பொருத்திய றேடார் கருவியின் துணைகொண்டு, இரவிற் பகைவிமானத்தைக் கண்டு வீழ்த்திய முதல் வெற்றி 1940 யூலையில் இவ்வின விமானத்துக்கே உரியதாயிற்று.

இனி இலங்கைக்கு வருவோம். 1942 ஏப்பிரல் 9-ஆந் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கினர். அன்று, விமானத் தளமாக மாற்றப்பட்டிருந்த கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 11-ஆம் அணியின் பிளென்ஹீம்கள் எழுந்து சென்றன. சண்டை விமானங்களின் துணை அவற்றுக்கு இருந்ததில்லை. ஒன்பது விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களை அடைந்து குண்டு வீசின. குண்டுகள் அகாகி என்னும் தலைமைக் கப்பலின் அருகே வீழ்ந்தனவன்றி அதிற் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் மூவர் செல்வது வழக்கம் என்பதை நினைவிற்கொள்க.

பிரித்தானியாவில் நாலாயிரத்துக்கு மேலாகச் செய்யப்பட்ட இவ்விமானங்கள், போர் முடிந்தபின் உலோகத்தின் பொருட்டு உடைக்கப்பட்டன. கனடாவில் பொலிங்புறோக் என்னும் பெயராற் செய்யப்பட்டவற்றுட் சில, கமக்காரர் வாங்கிப்போட்ட நிலையில் வெளிநிலங்களிற் கிடந்தன. அத்தகைய எச்சங்களைக் கொண்டே, கிறஹாம் வோணர் என்பார் தம் தோழருடன் இங்கிலாந்தின் டக்ஸ்போட் விமானத் தளத்திற் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து ஒரு பிளென்ஹீமை உருவாக்கினார். 1987 மே மாதம் அது பறந்தது. ஒரு மாதத்துள், யூன் 21-ஆந் திகதி, டெனம் என்னுமிடத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்தோர் உயிர் தப்பினர். பன்னிரண்டாண்டு உழைப்புத் தப்பவில்லை.

அவர்கள் மற்றொரு பொலிங்புறோக் உடலைத் தேடி மீண்டும் தொடங்கினர். 1993-இல் அதுவும் பறந்தது. 2003-இல் தரையிறங்குகையிற் பெருஞ்சேதமுற்றது. மூன்றாம் முறை, ஜோன் றொமேன் என்பாரின் தலைமையில் அதனைப் புதுக்கியபோது, 1940-இல் 23-ஆம் அணியில் இரவுக்காவல் புரிந்த முதலாம் வகை விமானமொன்றின் முன்பாகம் அதிற் பொருத்தப்பட்டது. போரின்பின் ஒருவர் அம்முன்பாகத்தை மின்சார மோட்டார் வண்டியாக்கித் தெருவில் ஓட்டினார்; உடைப்போர் கையினின்று அதனைக் காத்தது அவ்விளையாட்டேயாகும். 2014 நவம்பர் 20-ஆந் திகதி விமானம் மீண்டும் விண்ணேறியது.

கனடாவின் உடல், இங்கிலாந்தின் முகம், புதிதாய் வார்த்த உறுப்புக்கள் பல: இதனைப் பழைய விமானம் எனலாமோ என ஒருவர் வினவக்கூடும். தேரின் சில்லும் அச்சும் மாற்றப்பட்டபின்னும் அதனை அவ்வூர்த் தேரென்றே கொள்கின்றோம். அதன் அமைப்பும் தொழிலும் மாறாமையே காரணம். அன்றியும், பறக்கும் விமானம் ஏட்டில் எளிதிற் புலனாகாதவற்றை உணர்த்துகின்றது. காற்றாடி அலகின் சாய்வை மாற்றும் பிடி பிளென்ஹீமில் விமானியின் பின்புறத்தே உள்ளது. பகைவர் துரத்தும் வேளையில் அவன் கையைப் பின்னே நீட்டித் தடவியே அதனை இயக்கவேண்டும். அவ்விருக்கையில் அமர்ந்து அப்பிடியைத் தேடுபவனுக்கு, அன்று பறந்தோர் எதனோடு போராடினர் என்பது கையாலே விளங்கும்.

ஆகவே, புனருத்தாரணம் என்பது பழம்பெருமையை மினுக்கிக் காட்டுதலன்று. குறையையும் குறையாகவே வைத்துக் காத்தலாகும். அக்குறைகளை அறிந்தும் பந்தயத் திடலிலிருந்து எழுந்து சென்றவர்களை மதிப்பிடுதற்கு இதனினும் நேரிய வழி வேறில்லை.