மலை ஏறும் ஜீப்பும் மின்வெப்ப இருக்கையும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் கல்வராயன் மலைப் பாதையில் திறந்த ஜீப்பில் பயணம் செய்திருக்கிறீர்களா? கள்ளக்குறிச்சியில் புறப்படும்போது தோளில் கிடந்த துண்டு, கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் கடந்து வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் காதைச் சுற்றிக்கொள்ளும். வெள்ளிமலை சேர்வதற்குள் பற்கள் தாமாகவே தாளம் போடும்.

என் நண்பர் ஒருவரிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. இடுப்பு வலியுள்ள தம் தந்தையை அதில்தான் மலைக்கு அழைத்துச் செல்வார். "சார், புதுக் கார்களில் சீட்டே சூடாகுதாமே! நம்ம ஜீப்புக்குப் போட முடியாதா?" என்று ஒருநாள் கேட்டார். போடலாம் என்றேன். கடையில் கிடைத்த இரண்டு வெப்பத் தகடுகளை வாங்கி, முன் இருக்கைகளின் உறைக்குள் தாமே பொருத்திக்கொண்டார்.

மூன்றாம் வாரம் மலையேறும்போது இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. கூடவே கருகிய நாற்றமும் வந்தது. வண்டியை நிறுத்தி, பாட்டரிக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், முன்பலகையின் கீழ் இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்த்த இடம் உருகிக் கிடந்தது. மறுநாள் என்னிடம் வந்து அவர் கேட்ட கேள்வி இது: "15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தேன் சார். ஒயர் உருகிப் போச்சு. ஃபியூஸ் அப்படியே இருக்கு. அப்புறம் ஃபியூஸ் எதுக்கு?"

மிக நல்ல கேள்வி. இதற்கு விடை காண, இருக்கை எப்படிச் சூடாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

காற்றைச் சூடாக்குவதா, ஆளைச் சூடாக்குவதா?

சமவெளியிலிருந்து மேலே செல்லச் செல்ல, சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் காற்றின் வெப்பநிலை குறைகிறது. இதனோடு வண்டியின் எதிர்காற்றும் சேரும்போது உடலின் வெப்பம் விரைந்து வெளியேறுகிறது.

திறந்த ஜீப்பில் காற்றையே சூடாக்கிவிட்டால் என்ன? ஒரு கணக்குப் போடுவோம். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு சதுர மீட்டர் திறப்பின் வழியே நொடிக்கு 8 கன மீட்டர் காற்று புகும். அதன் நிறை ஏறத்தாழ 10 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற 1,000 ஜூல் வேண்டும். ஆகவே, உள்ளே வரும் காற்றை ஒரே ஒரு டிகிரி உயர்த்த நொடிக்கு 10,000 ஜூல், அதாவது 10 கிலோவாட் தேவை! சூடேறிய காற்றோ மறு நொடியில் பின்பக்கமாக வெளியே போய்விடும்.

இருக்கையின் கதை வேறு. முதுகும் தொடையும் அதனோடு ஒட்டியிருக்கின்றன. இடையே எதிர்காற்று புகுவதில்லை. பின்னால் உள்ள பஞ்சு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே தகட்டில் பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி உடலுக்கே வந்து சேர்கிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடல் உண்டாக்கும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட். அதனோடு ஒரு 48 வாட் சேர்ந்தால் அது சிறிய உதவியா?

இந்த எண்ணம் புதியதன்று. 1966-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில், விரும்பிக் கேட்டவர்களுக்கு இத்தகைய இருக்கைகள் பொருத்தித் தரப்பட்டன. 1970-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டின் சாப் கார்களிலும் அவை இடம்பெற்றன.

ஒரே மின்னோட்டம், வெவ்வேறு வெப்பம்

மின்னோட்டம் ஒரு கம்பியின் வழியே செல்லும்போது உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை 1841-இல் ஜூல் வெளியிட்டார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் உருகி, சுவிட்ச், கம்பி, இணைப்பு, இருக்கைத் தகடு என எல்லாவற்றின் வழியாகவும் போகிறது. எல்லாவற்றிலும் வெப்பம் பிறக்கவே செய்யும். எங்கே தடை மிகுதியோ, அங்கே வெப்பம் மிகுதி. ஆகவே தடை முழுவதையும் இருக்கையிலேயே வைத்து, வழியில் தடையே இல்லாதபடி செய்வதுதான் நம் வேலை. நிக்ரோம் கம்பியின் தடைத்திறன் செம்பைப் போல் 60 மடங்குக்கும் மேல். வெப்பச் சுருளுக்கு அதுவும், வழிக்குச் செம்பும் பொருந்துவது இதனால்தான்.

ஓர் இருக்கைத் தகட்டின் தடை 3 ஓம் என்று கொள்வோம். 12 வோல்ட்டில் ஓம் விதிப்படி 4 ஆம்பியர் ஓடும். திறன் 48 வாட். பக்க இணைப்பில் இரண்டு இருக்கைகள் என்றால் மொத்தத் தடை 1.5 ஓம், மின்னோட்டம் 8 ஆம்பியர்.

இனிக் கம்பி. போக வர 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள மெல்லிய செம்புக் கம்பியானால் அதன் தடை 0.136 ஓம். ஏறத்தாழ ஒரு வோல்ட்டும் 7 வாட்டும் வழியிலேயே தொலையும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 2 வாட்டுக்கும் குறைவு. விலை சற்றுக் கூடினாலும் தடித்த கம்பியே வேண்டும்.

உருகி ஏன் உருகவில்லை?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். அவர் கம்பிகளை வெறும் கையால் முறுக்கி, மேலே நாடா சுற்றியிருந்தார். மலைப்பாதையின் அதிர்ச்சியில் முறுக்கு தளர்ந்தது. ஈரத்தில் செம்பு களிம்பேறியது. அங்கே 0.2 ஓம் தடை முளைத்தது என்று கொள்வோம். மொத்தத் தடை 1.5-லிருந்து 1.7 ஓம் ஆகிறது. மின்னோட்டம் கூடுமா, குறையுமா? குறையும்! 8 ஆம்பியர் ஓடிய இடத்தில் 7 ஆம்பியர்தான் ஓடும். 15 ஆம்பியருக்கு மேல் போனால் உருக வேண்டிய உருகிக்கு, இங்கே தீங்கு நடப்பதே தெரியாது.

ஆனால் அந்த இணைப்பில் பிறக்கும் வெப்பம் எவ்வளவு? 7-இன் இருமடி 49, அதனை 0.2-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10 வாட். இருக்கை முழுதும் பரவும் 48 வாட் இதமாக இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, பட்டாணி அளவுள்ள இடத்தில் குவிந்தால்? 25 வாட் பற்றாசுக் கோல் ஈயத்தை உருக்குவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மேலும், சூடேறச் சூடேறக் களிம்பு கூடும். களிம்பு கூடக் கூடத் தடை வளரும். இப்படித்தான் நெருப்பு பிறக்கிறது.

ஆகவே இதை நினைவில் வையுங்கள்: இரண்டு கம்பிகள் நேரே உரசிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டு மின்னோட்டம் மிகும்போதுதான் உருகி காக்கும். தளர்ந்த இணைப்பிலிருந்து அது காக்காது. அங்கே காப்பவை நல்ல முனைகளும், இறுக்கமான திருகுகளும், நம் கண்ணும்தான். ஜீப்பின் இரும்பு உடலையே மின்னோட்டம் திரும்பும் பாதையாகப் பயன்படுத்துவதால், 'எர்த்' கம்பி பொருத்தும் இடத்தில் வண்ணத்தையும் துருவையும் சுரண்டிவிட்டுத் திருகவேண்டும்.

டைனமோ தாங்குமா?

பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. டைனமோ 20 ஆம்பியர் தருவதாகக் கொள்வோம். முகப்பு விளக்குகளுக்கு 10, மற்ற விளக்குகளுக்கு 2, கண்ணாடி துடைப்பானுக்கு 3, இருக்கைகளுக்கு 8, ஆக 23. மீதி 3 ஆம்பியரைப் பாட்டரிதான் தரவேண்டும். அதுவும் 20 என்பது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது. நின்று நின்று ஏறும் மலைப்பாதையில் டைனமோவின் வரத்து இன்னும் குறையும். பாட்டரி மெல்ல மெல்ல வடிந்துவிட்டால், மறுநாள் விடியலில் டீசல் எஞ்சினை உசுப்ப நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு எங்கே போவது? மலையுச்சியில் ஜீப்பைத் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியதுதான்! எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் ஓரளவு மின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டர் இருந்தால் கவலை குறைவு.

மின்னழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப் 6 வோல்ட்டில் இயங்கியது. பின்னர் வந்த சில இராணுவ ஜீப்புகள் 24 வோல்ட் கொண்டவை. திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே 12 வோல்ட் தகடு 6 வோல்ட்டில் 12 வாட்டே தரும். 24 வோல்ட்டிலோ 192 வாட் தந்து இருக்கையையே பொசுக்கும். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியிலும் 14 வோல்ட் வரை இருப்பதால், 48 வாட் தகடு 65 வாட் தருவதை மறவாதீர்கள்.

நண்பர் செய்த மாற்றம்

பழைய இணைப்புகளைக் களைந்தோம். பாட்டரியின் அருகிலேயே உருகி. அங்கிருந்து தடித்த கம்பி. நடுவே ஒரு ரிலே. எஞ்சின் சாவியைத் திருப்பினால்தான் ரிலே வேலை செய்யும். ஆகவே நின்ற வண்டியில் இருக்கை மறதியாக எரிந்துகொண்டிருக்காது. வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரியை எட்டியதும் மின்னோட்டத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் உண்டு. இது ஆடம்பரமன்று. 44 டிகிரி வெப்பம்கூடத் தோலில் ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் புண்ணாக்கும் என்று மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1947-இல் கண்டனர். சர்க்கரை நோயால் உணர்ச்சி குன்றிய முதியவர்களுக்குச் சூடு உறைக்காது. அவர்களிடம் மிகுந்த கவனம் தேவை.

இணைப்பு நன்றாக உள்ளதா என அறிய எளிய வழி உண்டு. இருக்கை சூடாகிக்கொண்டிருக்கும்போது, வோல்ட் மீட்டரின் இரு முனைகளையும் ஒரே இணைப்பின் இரு பக்கங்களில் வையுங்கள். நல்ல இணைப்பானால் முள் அசையவே அசையாது. நண்பரின் பழைய இணைப்பில் இவ்வாறு அளந்திருந்தால் 1.4 வோல்ட் காட்டியிருக்கும். நாற்றம் வருமுன்பே குற்றவாளி அகப்பட்டிருப்பான்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஓர் இருக்கையின் அடிப்பகுதியிலும் முதுகுப் பகுதியிலும் தலா 6 ஓம் சுருள் இருக்கிறது. 12 வோல்ட்டில் இவற்றைப் பக்க இணைப்பில் சேர்த்தால் எத்தனை வாட்? தொடர் இணைப்பில் சேர்த்தால் எத்தனை? விடை கண்டுவிட்டால், ஒரே இருக்கைக்கு 'அதிகம்', 'குறைவு' என இரு நிலைகள் எவ்வாறு வருகின்றன என்பதும் விளங்கிவிடும். அடுத்த முறை வீட்டில் ஏதேனும் ஒரு பிளக் சூடாக இருப்பதைக் கண்டால், உருகி போகவில்லையே என்று வாளாவிருக்காமல், உடனே சுவிட்சை அணையுங்கள்.