தங்குமுகாமின் விதிகள் முதலில் யாருக்கு?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், ஒருபுறம் பெருகிவரும் தொழிற்சாலைகளும் மறுபுறம் சானமாவுக் காப்புக்காடும் ராகி வயல்களும் சூழ அமைந்திருக்கும் உத்தனப்பள்ளியைப் போன்ற ஊர்களே நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களின் சிறப்பு முகாம்களுக்கு இயல்பான களங்கள் ஆகும். தங்குமுகாம் என்பது இளையோர் வீட்டையும் பெற்றோரையும் விட்டு விலகி, ஆசிரியர் அல்லது பயிற்றுநரின் பொறுப்பில் சில இரவுகள் ஓரிடத்தில் கூடித் தங்கி, உழைப்பையும் ஒழுங்கையும் கூட்டுவாழ்வையும் பழகும் ஏற்பாடு. அந்தச் சில இரவுகளுக்குப் பெற்றோரின் இடத்தில் நிற்பவை முகாமின் வசதிகளும் விதிகளுமே என்பதால், அவை எப்படி அமைய வேண்டும் என்பது முகாம் நடத்துபவர்களுக்கு மட்டுமன்றிப் பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய கேள்வியாகும்.

முகாம் என்னும் மரபு

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கூட்டி நடத்திய முகாமே சாரணர் இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. வசதி படைத்த குடும்பத்துச் சிறுவர்களும் உழைக்கும் குடும்பத்துச் சிறுவர்களும் அங்கே சிறு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவன் பொறுப்பேற்ற முறை இன்றுவரை சாரணர் முகாம்களில் தொடர்கிறது. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர், 1909இல் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது புயல்மழைக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதிலிருந்து, விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் வகுப்பறைகளை இளையோர் தங்குமிடங்களாக்கலாம் என்று சிந்தித்து, 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதியை நிலையாக அமைத்தார்.

இந்தியாவில் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், என்.எஸ்.எஸ். என்ற பெயரில் இன்று மேல்நிலைப் பள்ளிகள்வரை பரவியுள்ளது. அதன் தொண்டர்கள் ஆண்டுக்கு 120 மணிநேரம் பணியாற்றுவதோடு, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் தங்குகின்றனர். பொதுவாக 100 பேர் கொண்ட ஓர் அலகிலிருந்து 50 பேர் முகாமுக்குச் செல்வர். அவர்களுக்குத் திட்ட அலுவலர் எனப்படும் ஆசிரியரே பொறுப்பாளர்.

ஐம்பது பேருக்கு எவ்வளவு இடம், எவ்வளவு தண்ணீர்?

கிராமத்து முகாம்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ நடப்பதால், இருக்கும் வசதி போதுமா என்பதைக் கண்மதிப்பால் முடிவு செய்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. இதற்கு ஓர் அளவுகோலாக, பேரிடர் நிவாரண முகாம்களுக்கென வகுக்கப்பட்ட ‘ஸ்பியர்’ கையேட்டின் குறைந்தபட்ச அளவுகளைக் கொள்ளலாம். ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் தங்குமிடம், நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பன அவை. இக்கணக்கின்படி 20 அடிக்கு 20 அடி அளவுள்ள வகுப்பறையில் பத்துப் பேர்தாம் படுக்கலாம். எனவே 50 பேருக்கு ஐந்து அறைகள் தேவை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக உள்ளே தாழ்ப்பாளுடன் கழிப்பறைகள் வேண்டும். நாளுக்கு 750 லிட்டர் தண்ணீர் என்பது குடிக்கவும் சமைக்கவும் உடல் கழுவவும் மட்டுமே போதும் என்பதால், பகலெல்லாம் மண்வெட்டி பிடித்த பிள்ளைகள் நன்றாகக் குளிக்க ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை அன்றாடம் ஒருமுறைக்கு மேல் நிரப்ப வேண்டியிருக்கும். நிவாரண முகாமில் தங்குபவருக்கே இவை அடிமட்ட அளவுகள் என்னும்போது, திட்டமிட்டு நடத்தும் மாணவர் முகாம் இவற்றுக்குக் கீழே இறங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தண்ணீரின் அளவைப் போலவே அதன் தரமும் இப்பகுதியில் கூடுதல் கவனத்துக்குரியது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் பற்களில் கறைபடிதலும் எலும்புப் பாதிப்பும் நெடுங்காலமாக இருந்துவந்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இக்குறையைப் போக்கவே உருவாக்கப்பட்டது. ஒரு வாரம் தங்குபவருக்கு ஃபுளோரைடால் உடனடித் தீங்கு நேராது என்றாலும், கிருமி கலந்த நீர் ஒரே நாளில் முகாம் முழுவதையும் வயிற்றுப்போக்கில் தள்ளிவிடக்கூடும் என்பதால், ஆழ்துளைக் கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் ஒதுக்கி, குழாய்வழி வரும் கூட்டுக் குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கக் கொடுப்பதே தக்க முறையாகும். சமைத்த உணவைப் பொறுப்பாசிரியர் முதலில் உண்டு பார்த்த பின்னரே பரிமாறும் சத்துணவு மையங்களின் வழக்கத்தை முகாம் சமையலும் பின்பற்ற வேண்டும்.

இடம் விதிக்கும் விதிகள்

முகாம் விதிகளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அப்படியே பெயர்த்து எழுத முடியாது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக இடம்பெயரும் யானைக் கூட்டங்கள் ராகி முற்றும் மாதங்களில் சானமாவுக் காட்டில் முகாமிட்டு, இரவில் வயல்களுக்கு வருவது இங்கு ஆண்டுதோறும் நிகழ்வது. ஆகையால் முகாம் தொடங்கும் முன்பே வனத்துறைக்குத் தெரிவிப்பதும், யானை நடமாட்ட எச்சரிக்கையை நாள்தோறும் கேட்டறிவதும், இருட்டிய பின் வளாகத்தை விட்டு எவரும் வெளியேறாமல் தடுப்பதும் இவ்வட்டாரத்தின் முதல் விதிகளாக இருக்க வேண்டும். வளாகத்துக்குள்ளேயே வெளிச்சமுள்ள கழிப்பறை இல்லாத இடத்தில் இந்த விதியைக் கடைப்பிடிக்கவே இயலாது. வசதி இல்லாத இடத்தில் விதி வெறும் எழுத்தாகவே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நீர் நிறைந்த கல்குவாரிப் பள்ளங்களிலும் ஏரிகளிலும் இறங்கத் தடை, மார்கழி, தை மாதங்களின் கடுங்குளிருக்கு ஏற்ற போர்வை, காலையும் மாலையும் படுக்கும் முன்னும் பெயர் சொல்லித் தலைக்கணக்கு எடுத்தல் ஆகியவையும் இவ்வாறே இடத்தைக் கண்டு வகுக்க வேண்டியவை.

நடத்துபவரைக் கட்டுப்படுத்தும் விதிகள்

எழுந்திருக்கும் நேரம், கைப்பேசிக் கட்டுப்பாடு, தட்டைத் தானே கழுவுதல் என மாணவர்களுக்கான விதிகள் எல்லா முகாம்களிலும் நீண்ட பட்டியலாகத் தொங்குகின்றன. ஆனால் 2024 ஆகஸ்டில் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த கொடுமை, விதிகள் யாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு உணர்த்தியது. ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. என்னும் தேசிய மாணவர் படையின் பெயரால் நடத்தப்பட்ட முகாமில், பள்ளி அரங்கில் தங்கியிருந்த மாணவியர் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. அப்பள்ளிக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று என்.சி.சி. அறிவித்தது. நிகழ்ந்ததைக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைது செய்யப்பட்டனர். தமிழ்நாடு அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவையும், இத்தகைய நிகழ்வுகளைத் தடுக்கும் வழிகளை ஆராயப் பல்துறைக் குழுவையும் அமைத்தது.

உண்மையான என்.சி.சி. பயிற்சியில் பள்ளியின் பிரிவு ஒரு பட்டாலியனின் கீழ் பதிவாகியிருக்கும்; அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவரே பயிற்சி பெற்று இணை என்.சி.சி. அலுவலராகப் பொறுப்பில் இருப்பார். முகாமுக்குப் படை அதிகாரி ஒருவர் தலைமை ஏற்பார். சீருடையும் விசிலும் கொண்டு வரும் எவரையும் நம்பிவிடாமல் இந்த மூன்றையும் பட்டாலியன் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்வது எந்தப் பள்ளிக்கும் கடினமான வேலையன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்டோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கவும் இடமளிக்கிறது. ஆகவே, மாணவியர் தங்கும் இடத்தில் பள்ளியின் ஆசிரியை ஒருவர் இரவு முழுவதும் உடன் தங்குதல், வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் மாணவ மாணவியருடன் தனித்திருக்காமை, மாணவியர் உறங்கும் பகுதிக்குள் ஆண்கள் நுழையாமை, குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417 ஆகியவற்றை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைத்தல், பிள்ளைகள் எந்நேரமும் பெற்றோருடன் பேச வழிசெய்தல் ஆகிய விதிகளே பட்டியலின் முதலிடத்தில் இடம்பெற வேண்டும்.

இந்த அச்சத்தால் முகாம்களையே நிறுத்திவிடுவது தீர்வாகாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் இந்த எல்லைப் பகுதியில், வெவ்வேறு சாதியையும் மொழியையும் சேர்ந்த பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்ந்து களி உண்டு, ஒரே வாய்க்காலைத் தூர்வாரி, ஒரே அறையில் உறங்கும் வாய்ப்பை முகாமைப் போல வேறெதுவும் தருவதில்லை. அந்த வாய்ப்பு பாதுகாப்பானதாக அமைய, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்: முகாமை நடத்தும் அமைப்பு எது, அதைச் சரிபார்த்தவர் யார், இரவில் உடனிருக்கும் ஆசிரியர் யார், தண்ணீரும் கழிப்பறையும் எங்கே, பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் முதலில் அழைக்கப்படுபவர் யார். இக்கேள்விகளைத் தொந்தரவாகக் கருதாமல் தானாகவே முன்வந்து எழுத்தில் விடை தரும் பள்ளியிடம் மட்டுமே பிள்ளைகளை ஒப்படைப்பது என்று பெற்றோர் உறுதியாக நின்றால், நடத்துபவர்களும் அந்த ஒழுங்குக்குத் தம்மை உட்படுத்திக்கொள்வர்.